அரைத்த மாவும் ஆட்டச் சுவையும்



உழைப்புக்கு ஓய்வாக மனிதன் கண்டது விளையாட்டு. அப்படியிருக்க, அந்த விளையாட்டுக்குள்ளேயே மீண்டும் உழைப்பைக் கொண்டுபோய்ப் புகுத்தி, அதையும் இன்பம் என்றெண்ணி மணிக்கணக்கில் ஈடுபடுகிறானே, இஃது ஏன்? விடியோ விளையாட்டுகளைக் கவனித்தவர் எவருக்கும் இந்த ஐயம் எழாமற் போகாது. திரையில் தோன்றும் ஓர் அரக்கனிடம் ஐம்பது முறை தோற்று, ஐம்பத்தோராம் முறை வென்று, வீடே அதிரக் கூவுகிறான் ஒருவன். அதே அளவு நேரத்தைச் செலவிட்டு, ஒரே வகையான சிற்றுயிர்களை நூற்றுக்கணக்கில் அடித்து வீழ்த்தி, மூலையில் உள்ள ஓர் எண் சற்றே உயரக் கண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே தொடர்கிறான் இன்னொருவன். இருவரும் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தவர்கள்தாம். எனினும் ஒருவனுக்கு இனித்தது, மற்றவனுக்குச் சலித்தது. வேறுபாடு எங்கே இருக்கிறது?

முதலாமவன் எதிர்கொண்டதைச் 'சவால்' என்கிறோம். இரண்டாமவன் செய்ததற்கு ஆட்டக்காரர்கள் இட்ட பெயர் 'கிரைண்டிங்' என்பது. அரைத்தல் என்பதே அதன் பொருள். நம் மொழியிலும் 'அரைத்த மாவையே அரைப்பது' என்னும் வழக்கு உண்டு. ஆனால் நம் வழக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. அரைப்பதை அது பழிக்கவில்லை. அரைத்ததையே அரைப்பதைத்தான் பழிக்கிறது. அரிசி மாவாகும் வரையில் அது வேலை; மாவான பின்னும் கையை நிறுத்தாவிட்டால் அது வீண். இந்த நுட்பத்தை மனத்திற்கொண்டு, விடியோ விளையாட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தைக் காணப் பொதுமக்கள் வந்திருந்தனர். வருவோர் சலிப்படையாதிருக்கும் பொருட்டு, வில்லியம் ஹிகின்பாதம் என்னும் இயற்பியல் அறிஞர், மின் அலைகளைக் காட்டும் ஆசிலோஸ்கோப் கருவியின் சிறு வட்டத் திரையில் ஒரு டென்னிஸ் ஆட்டத்தை அமைத்துவைத்தார். அதை ஆடிப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1962-இல், மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய தோழர்களும் 'ஸ்பேஸ்வார்' என்னும் ஆட்டத்தைக் கணினியில் எழுதினார்கள். நடுவிலே ஈர்க்கும் ஒரு விண்மீன். அதைச் சுற்றி ஒன்றையொன்று சுட முயலும் இரண்டு விண்கலங்கள். இவ்விரு ஆட்டங்களிலும் கடினம் என்பது எங்கிருந்து வந்தது? எதிரே நின்ற மனிதனின் திறமையிலிருந்து வந்தது. ஆட்டத்தை அமைத்தவர்கள் எவரிடமும் காசு வாங்கவில்லை. ஆகவே ஆட்டத்தை நீட்டவோ குறுக்கவோ அவர்களுக்குத் தேவை எழவில்லை.

காசு வந்தபோது நிலைமை மாறியது. 1972-இல் நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் 'அடாரி' நிறுவனத்தைத் தொடங்கினர். அவ்வாண்டே அவர்களுடைய 'பாங்' என்னும் ஆட்டப் பெட்டி, கலிஃபோர்னியாவில் சன்னிவேல் என்னும் ஊரிலுள்ள ஒரு மதுக்கடையில் வைக்கப்பட்டது. சில நாட்களில் பெட்டி பழுதாகிவிட்டது என்று செய்தி வந்தது. அதை வடிவமைத்த ஆலன் ஆல்கார்ன் சென்று திறந்து பார்த்தார். பழுது வேறொன்றுமில்லை, உள்ளே போடப்பட்ட நாணயங்கள் நிரம்பி வழிந்து வேலையைத் தடுத்திருந்தன! விடியோ விளையாட்டு ஒரு பெருவணிகமாகப் போகிறது என்பதற்கு அந்த நாணயக் குவியலே முதற் சான்று.

காசு போட்டு ஆடும் பெட்டிக்கு ஒரு பொருளாதாரம் உண்டு. ஆடுபவன் விரைவில் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். ஆனால் அளவுக்கு மீறி விரைவாகத் தோற்கடித்தால் அவன் சினங்கொண்டு போய்விடுவான். 'தோற்றது என் பிழைதான்; இன்னும் ஒரு முறை ஆடினால் வென்றுவிடுவேன்' என்று அவன் எண்ணும்படி தோற்கடிக்க வேண்டும். கடைக்காரரின் கடிகாரமும் ஆட்டக்காரனின் ஆர்வமும் ஒரே புள்ளியிற் சந்திக்குமாறு கடினத்தை அளந்து வைப்பதே அக்காலத்து வடிவமைப்பாளரின் கலையாக இருந்தது.

ஜப்பானின் டைட்டோ நிறுவனத்தில் டொமொஹிரோ நிஷிகாடோ 1978-இல் உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இதற்கு ஓர் அரிய எடுத்துக்காட்டு. வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசைகளில் 55 பகை உருவங்கள் மேலிருந்து இறங்கி வரும். அவற்றைச் சுட்டு வீழ்த்த வீழ்த்த, எஞ்சியவை விரைந்து நகரும். இது முதலில் திட்டமிட்ட செயலன்று. 55 உருவங்களை ஒருங்கே நகர்த்த அக்காலத்து இயந்திரம் திணறியது. உருவங்கள் குறையக் குறைய அதன் சுமை குறைந்து வேகம் கூடியது. நிஷிகாடோ அதைக் குறையெனத் திருத்தாமல் அப்படியே விட்டுவைத்தார். வெற்றியை நெருங்க நெருங்க ஆபத்தும் நெருங்குகிற அந்தப் பதற்றமே ஆட்டத்தின் உயிராயிற்று.

1980-இல் வந்த 'பாக்-மேன்' ஆட்டத்தில் டோரு இவாடானி நான்கு பேய்களை உலவவிட்டார். நான்கும் ஒரே விதமாகத் துரத்தவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் போக்கு உண்டு. அப்போக்கைக் கண்டுகொண்ட இளைஞர்கள், எந்த மூலையில் எப்போது திரும்ப வேண்டும் என்று வழிகளை மனப்பாடம் செய்தார்கள். அவர்களுள் வல்லவர்கள் 256-ஆம் கட்டம் வரை சென்றனர். அங்கே திரையின் பாதி குழம்பிச் சிதைந்து நின்றது. கட்ட எண்ணை வைத்திருந்த எட்டு இலக்க இருமக் கணக்கு 255-க்கு மேல் எண்ண முடியாததே காரணம். இயந்திரத்தின் எல்லையையே மனிதப் பயிற்சி தொட்டுவிட்டது! வணிகர் நாணயத்துக்காக வைத்த கடினம், ஆடியவனுக்குக் கல்வியாகவும் பயன்பட்டது என்பதை நாம் மறுக்கலாகாது.

இனி, அரைவைக்கு வருவோம். அதன் ஊற்று கணினியில் இல்லை, மேசைமேல் இருக்கிறது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் கற்பனை ஆட்டத்தை வெளியிட்டனர். பகடையும் தாளும் கொண்டு நண்பர்கள் கூடி ஆடுவது அது. அதில் ஆட்டக்காரன் ஏற்கும் வீரனுக்கு 'அனுபவப் புள்ளிகள்' சேரும்; புள்ளிகள் சேர்ந்தால் அவன் ஒரு படி உயர்வான். இந்தப் புள்ளிக் கணக்கு கணினிக்கு மிகவும் பொருந்திவிட்டது. 1981-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'விசார்ட்ரி', 'அல்டிமா' ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றன. அவற்றை விரும்பிக் கற்ற யூஜி ஹோரி என்பவர், 1986-இல் ஜப்பானில் 'டிராகன் குவெஸ்ட்' ஆட்டத்தை உருவாக்கினார்.

ஹோரியின் நோக்கத்தை நாம் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய ஆட்டங்களில் விரல் வேகம் உடையவனே வெல்வான். மற்றவன் முதற் கட்டத்திலேயே மாண்டு மாண்டு மனமொடிவான். டிராகன் குவெஸ்டிலோ, வேகமில்லாதவனும் சிறு பகைகளை வென்று வென்று புள்ளி சேர்த்துக்கொண்டால், பெரும் பகையை எதிர்க்கும் வலிமை அவனுக்கும் ஒரு நாள் வரும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறோமே, அந்த நம்பிக்கைதான் இது. ஆட்டத்தை இடையில் நிறுத்தினால், விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு 20 எழுத்துகள் கொண்ட ஒரு மந்திரச் சொல்லைத் திரை காட்டும். சிறுவர் அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அந்த உழைப்பு திரும்பாது. இத்தனை தொல்லையிருந்தும் ஜப்பானியச் சிறுவர் அதைக் கொண்டாடினர். 1988 பிப்ரவரியில் அதன் மூன்றாம் பகுதி விற்பனைக்கு வந்தபோது கடை வாசல்களில் நீண்ட வரிசைகள் நின்றன.

ஆகவே, அரைவை பிறந்தபோது அஃது ஓர் அருளாகவே பிறந்தது. திறமையில்லாதவனுக்கும் பொறுமையால் திறக்கும் கதவாக இருந்தது. அதற்கு ஓர் எல்லையும் இருந்தது. இறுதிப் பகையை வென்றால் கதை முடியும். பெட்டியை அணைத்துவிட்டுச் சிறுவன் வேறு வேலை பார்ப்பான். அவன் பத்து மணி நேரம் ஆடினாலும் நூறு மணி நேரம் ஆடினாலும் விற்றவருக்குக் கிடைத்த விலை ஒன்றே.

இணையம் வந்தபின் இந்த எல்லை கரைந்தது. 1999-இல் 'எவர்குவெஸ்ட்', 2004-இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆகியவை மாதக் கட்டணம் செலுத்தி ஆடும் ஆட்டங்களாக வந்தன. முடிவில்லாத உலகம், மாதந்தோறும் கட்டணம். இப்போது ஆடுபவன் தங்குகிற ஒவ்வொரு மாதமும் வருவாய். இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். வார்கிராஃப்ட் ஆட்டத்தைச் சோதித்தபோது, நெடுநேரம் தொடர்ந்து ஆடுவோருக்குக் கிடைக்கும் புள்ளிகளைக் குறைத்துப் பார்த்தார்கள். ஓய்வெடுக்கட்டும் என்பது எண்ணம். ஆடியவர்களோ, தண்டனை என்று வெறுத்தனர். உடனே வடிவமைப்பாளர்கள் குறைந்த அளவை 'இயல்பு' என்றும், முன்னிருந்த அளவை 'ஓய்வெடுத்து வந்தவருக்கு இரட்டிப்புப் பரிசு' என்றும் மாற்றிச் சொன்னார்கள். கணக்கு ஏறக்குறைய அதேதான்; பெயர்தான் வேறு. வெறுத்தவர்களே மகிழ்ந்தார்கள். ஆட்டக்காரனின் சலிப்பையும் மகிழ்ச்சியையும் சொல்லால் திருப்பிவிட இயலும் என்பதை இது காட்டுகிறது. அங்கே அந்த வித்தை நல்ல நோக்கத்துக்கே பயன்பட்டது. எப்போதும் அப்படிப் பயன்படும் என்று நம்பலாமா?

2009-இல் முகநூலில் பரவிய 'ஃபார்ம்வில்' ஆட்டத்தைப் பாருங்கள். விதைத்த பயிர் விளைய, இத்தனை மணி நேரம் என்று கணக்கு உண்டு. குறித்த வேளையில் வந்து அறுக்காவிட்டால் பயிர் வாடிப்போகும். காத்திருக்க மனமில்லாதவன் உண்மையான பணத்தைக் கொடுத்துக் காரியத்தை விரைவாக முடித்துக்கொள்ளலாம். இங்கேதான் வரலாறு தலைகீழாகத் திரும்புகிறது. முன்பு, ஆட்டம் இனித்ததால் காசு போட்டார்கள். இப்போது, ஆட்டம் சலிக்கும் இடத்தில் அச்சலிப்பிலிருந்து தப்பிக்கக் காசு கேட்கிறார்கள். அப்படியானால் சலிப்பையே ஒரு சரக்காக உற்பத்தி செய்வது வணிகருக்கு ஆதாயமாகிவிடுகிறது அன்றோ?

2017 நவம்பரில் இது வெட்டவெளிச்சமாயிற்று. 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' என்னும் ஆட்டத்தில், புகழ்பெற்ற கதைமாந்தர் ஒருவரைப் பெற 60,000 ஆட்டக் காசுகள் வேண்டியிருந்தது. அதைச் சேர்க்க ஏறத்தாழ 40 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கணக்கிட்டுக் காட்டினர். ஏற்கெனவே முழு விலை கொடுத்து வாங்கிய ஆட்டம் அது! எதிர்ப்பு பொங்கியது. நிறுவனம் அந்த அளவை நூற்றுக்கு 75 பங்கு குறைத்தது. ஆட்டத்துக்குள் பணம் செலுத்தும் வசதியையும் அப்போதைக்கு நிறுத்திவைத்தது.

பணியிலிருந்து ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் உணவு இடைவேளையில் கைப்பேசியும் கையுமாக இருக்கக் கண்டேன். "அந்த ஆட்டம் அவ்வளவு நன்றாயிருக்கிறதா?" என்று கேட்டேன். "நன்றாக ஒன்றும் இல்லை ஐயா. நாற்பது நாளாகத் தினமும் உள்ளே போய் வருகிறேன். இன்று போகாவிட்டால் வரிசை அறுந்துவிடும்" என்றான். அவன் முகத்தில் விளையாடுகிறவனின் களிப்பு இல்லை; சந்தா கட்டத் தவறிவிடுவோமோ என்று அஞ்சுகிறவனின் கவலை இருந்தது. விளையாட்டு என்ற பெயர் மட்டும் எஞ்ச, விளையாட்டு வெளியேறிவிட்ட நிலை அது.

இதை எள்ளி நகையாடியவர்களும் உண்டு. 2010-இல் இயன் போகோஸ்ட் என்னும் பேராசிரியர் 'கவ் கிளிக்கர்' என்றொரு கேலி ஆட்டத்தை அமைத்தார். ஒரு மாட்டின் படத்தை அழுத்த வேண்டும். பின் ஆறு மணி நேரம் காத்திருந்து மீண்டும் அழுத்த வேண்டும். அவ்வளவே ஆட்டம். கேலி என்று தெரிந்தும் ஆயிரக்கணக்கானோர் அதை உண்மையாகவே ஆடினர். 2011-இல் அவர் மாடுகளை மறையச் செய்தார். அதன் பின்னும் சிலர் மாடு இருந்த வெற்றிடத்தை அழுத்திக்கொண்டிருந்தனர். செக்குமாட்டை நாம் அறிவோம். அதற்காவது எண்ணெய் வருகிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் வரலாறு நடந்தது. 2009-இல் 'டீமன்ஸ் சோல்ஸ்', 2011-இல் 'டார்க் சோல்ஸ்' என்று, ஹிடெடாகா மியாசாகி என்னும் ஜப்பானிய வடிவமைப்பாளர் மிகக் கடினமான ஆட்டங்களை உருவாக்கினார். அவற்றில் ஆடுபவன் அடிக்கடி மாள்வான். சேர்த்த செல்வமெல்லாம் மாண்ட இடத்திலேயே கிடக்கும். மீண்டும் அங்கே சென்று எடுக்க ஒரு வாய்ப்பு உண்டு. வழியில் மறுபடி மாண்டால் அதுவும் போயிற்று. இத்தகைய கொடுமையை யார் விரும்புவார் என்று தோன்றும். ஆனால் அதே மரபில் 2022 பிப்ரவரியில் வந்த 'எல்டன் ரிங்' ஓராண்டுக்குள் 2 கோடிப் படிகளுக்கு மேல் விற்றது. காரணம் யாது? அவ்வாட்டங்களில் ஒவ்வொரு தோல்வியும் ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறது. பகைவன் வாளை ஓங்கும் விதம், ஒதுங்க வேண்டிய கணம், நம் அவசரத்தின் விலை ஆகியவற்றை ஆடுபவன் ஒவ்வொன்றாகக் கற்கிறான். அரிசி மாவாகிக்கொண்டே இருக்கிறது.

கடினமே எல்லார்க்கும் இன்பம் என்றும் நான் சொல்லவில்லை. 2018-இல் வந்த 'செலஸ்ட்' என்னும் மலையேறும் ஆட்டம் கடினமானதுதான். ஆயினும் விரும்புவோர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள அதில் வழி வைத்தார்கள். மிஹாய் சிக்செண்ட்மிஹாயி என்னும் உளவியல் அறிஞர் 1975-இல் வெளியிட்ட நூலில் காட்டியதும் இதுவே: செயல் நம் திறமையை மிகவும் விஞ்சினால் கவலை, திறமைக்கு மிகவும் தாழ்ந்தால் சலிப்பு, இரண்டும் ஒத்து நிற்குமிடத்தில் மனம் தன்னை மறந்து ஈடுபடுகிறது. அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும். பகல் முழுதும் மூளையை வருத்திய ஒருவர், மாலையில் பூத்தொடுப்பதுபோல் எளிய ஆட்டமொன்றில் கையை மட்டும் ஓட்டி இளைப்பாறுவதும் உண்டு. அதில் குற்றமில்லை. இளைப்பாறியதும் எழுந்திருக்க முடிகிறதா என்பதே கேள்வி.

ஆசிரியப் பயிற்சியின்போது நாங்கள் கற்ற ஓர் ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. எட்வர்ட் தார்ன்டைக் என்னும் அமெரிக்க உளவியலறிஞர், கண்களை மூடிக்கொண்டு நான்கு அங்குல நீளத்துக்குக் கோடு வரையுமாறு சிலரைப் பணித்தார். மிகப் பல முறை வரைந்தும் அவர்கள் கை தேறவில்லை. கோடு சரியா தவறா என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை, அதுவே காரணம். பயிற்சி தானாகவே தேர்ச்சி தரும் என்று முன்னர்க் கருதியிருந்த தார்ன்டைக், 1930-களில் அக்கருத்தைத் திருத்திக்கொண்டார். செய்ததன் விளைவை அறிந்து, அடுத்த முறை சற்றே மாற்றிச் செய்தாலன்றி, ஆயிரம் முறையும் ஒரு முறையே.

இது திரைக்கு மட்டும் உரிய உண்மையன்று. பிழையாக எழுதிய சொல்லை நூறு முறை எழுதச் சொல்லும் வழக்கம் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்தது. பத்தாம் முறைக்கு மேல் மாணவன் கை எழுதும், மனம் வெளியே உலாவும். அதுவும் அரைத்த மாவுதான். வாய்பாட்டை மனப்பாடம் செய்வதோ வேறு; ஒருமுறை மனத்தில் ஏறிவிட்டால் பெரிய கணக்குகளுக்கு அது படிக்கட்டாகிறது. ஆகவே நாங்கள் தரும் வீட்டு வேலையையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பார்க்கும் கடமை எங்களுக்கும் உண்டு.

மாணவ நண்பர்களே! ஆடாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆடி எழுந்ததும் ஒரு கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த ஒரு மணி நேரத்தில் வளர்ந்தது நானா, திரையிலிருந்த எண்ணா? நேற்று முடியாதது இன்று உங்கள் கைக்கு முடிந்தால், நீங்கள் பட்ட கடினம் உங்களுடையது. அதை எவரும் பறிக்க இயலாது. எண் மட்டும் வளர்ந்திருந்தால், அது நிறுவனத்தின் ஏட்டில் உள்ள எண். அவர்கள் கதவை மூடும் நாளில் அதுவும் மறையும். நான் சொன்ன அந்த ஃபார்ம்வில் வயல்கள், அவை தொடங்கிய முகநூலில் 2020 டிசம்பர் 31-ஆம் நாளோடு மூடப்பட்டன. அங்கே வேளை தவறாமல் அறுத்த பயிர்கள் இன்று இல்லை. அதற்காக விழித்திருந்த இரவுகளும் திரும்பி வரப்போவதில்லை.